அந்த ஃபில்டரைக் கழற்றாதே

அன்புள்ள மாப்ளே,

மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் மறுபடி இழுப்பு, இன்ஹேலர் கையோடு இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி வேனில் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை, மெக்கானிக் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டீசல் ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்கிறார் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கழற்றிவிட்டாயா? இல்லையென்றால் கொஞ்சம் பொறு.

அந்த ஃபில்டர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் டீசலையே மாற்றினார்கள், மாப்ளே. கந்தகம் மிகுந்த டீசல் எரிந்தால் சல்பேட் துகள் கிளம்பும், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியின் வேலையும் கெடும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகை விதியோடு டீசலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறக்கியது இதற்காகவும்தான். ஈயம் கலந்த பெட்ரோல் கதையும் இப்படித்தான், ஈயம் இருக்கும்வரை புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டி, அதாவது கன்வெர்ட்டர், பிழைக்காது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா அதை நிறுத்தியபோது 2021 ஆகிவிட்டது. "எண்ணெய் எதுவானால் என்ன, எல்லாம் புகைதானே" என்று ஹாஸ்டலில் கத்துவாயே, அப்போதே நீ தோற்றுவிட்டாய்!

சிஎன்ஜி கேஸ் வண்டிக்கு மாறலாமா என்றும் கேட்டாய். மாறலாம், கரி மிகவும் குறையும். உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவு போட்டு, 2002 முடிவதற்குள் டெல்லி நகரப் பேருந்துகள் கேஸுக்கு மாறின. ஆனால் மூச்சுக்குக் கேடான நைட்ரஜன் ஆக்சைடு அதிலும் வரும், அந்த கேஸே பெரும்பாலும் மீத்தேன்தான், அது கசிந்தால் பூமியைச் சூடாக்கும் வேறு கேடு. அதை அடுத்த வண்டி வாங்கும்போது பேசுவோம், இப்போது இருக்கிற வண்டியைப் பார்.

உன் வேன் குட்டிக் குட்டித் தூரம் ஓடுகிறது, பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. புகைக்குழாய் போதிய அளவு சூடாவதே இல்லை, பிடித்து வைத்த கரி எரியாமல் அடைத்துக்கொள்கிறது. ஃபில்டர் கெட்டுப்போனதாக இதற்கு அர்த்தமில்லை. முதலில் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பார். விளக்கு அணையாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் விட்டு கரியை எரிக்கச் சொல். கழற்றிவிட்டால் அந்தக் கரி மொத்தமும் வெளியேதான் போகும், வேனுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளின் மூக்கு உயரத்தில். சின்னவள் இராத்திரி மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துவிட்டு எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாவியை எடுத்து வை, ரெண்டு பேரும் சேர்ந்தே ஓட்டிப் பார்ப்போம்.

உன் மாப்ளே