நன்மங்கலம் காட்டு நடை: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, மாடியில் உள்ள ஏழாம் வகுப்பின் கண்ணாடி ஜன்னலில் ஒரு பறவை மோதி விழுந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணோரம் மை இழுத்தாற்போல் கறுப்புப் பட்டை. ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. பயணமெல்லாம் இரவில்தான். விடிந்ததும் புதர் தேடியிருக்கும். கண்ணாடியில் தெரிந்த வேப்பமரத்தை நிஜம் என்று நம்பிவிட்டது.

யாரோ தண்ணீர் புகட்டப் போனார்கள், தடுத்தோம். புகட்டினால் புரையேறிவிடும். ஓட்டை போட்ட ஷூ டப்பாவில் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வைத்திருந்து, மதிலோரம் திறந்தோம். பறந்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணாடிக்கு வெளியே இரண்டு அங்குல இடைவெளியில் பிள்ளைகள் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். கோணல்தான், இருக்கட்டும்.

அதே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை, சென்னையின் தென்புறத்தில் உள்ள நன்மங்கலம் காப்புக்காட்டுக்கு அழைத்துப் போகிறோம். வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. காலை 6 மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். பளீர் நிறச் சட்டை, சிப்ஸ் பாக்கெட், செல்போன் வேண்டாம்.

"கொம்பன் ஆந்தையைக் காட்டுவீர்களா சார்?" என்று பலர் கேட்டீர்கள். காட்ட மாட்டோம். பழைய கல்குவாரிப் பாறை விளிம்பில் அது முட்டையிடும் பருவம் இது. கூட்டமாய்ப் போய் நின்றால் தாய் எழுந்துவிடும், முட்டை வெயிலில் காயும். கேமராவோடு நெருங்கிப் போகிறவர்களின் தொல்லையே அதற்குப் போதும். அப்புறம், ஆந்தை அலறினால் ஆகாது என்று சொல்லி அனுப்பாதீர்கள். அதன் அலறலுக்கு அஞ்ச வேண்டியவை எலிகள்தான்.

சனிக்கிழமை நடை, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒத்திகையும்கூட. பொங்கல் விடுமுறையில் மொட்டைமாடியில் பிள்ளைகளோடு 15 நிமிடம் நில்லுங்கள். காகம், மைனா, செங்குதச் சின்னான், எது வந்தாலும் எண்ணி, பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் ஏற்றலாம். பட்டம் விடுவதானால் மாஞ்சா நூல் கூடாது. சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது, பறவைகளின் சிறகிலும் கழுத்திலும் சிக்கினால் அறுத்துவிடும்.

சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்பவும். மழை வந்தால் அடுத்த சனிக்கிழமை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்