மூன்று பெட்டிக் கணக்கும் குப்பி வகுப்பும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவனுக்கு வாழைச்சேனைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். மழை தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தை முடிக்கிற ஓட்டம்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உன் மகள் படிக்கிற நிகழ்தகவுப் பாடத்தில் முதல் சோதனைக்குப் புள்ளி குறைந்துவிட்டது, "எனக்குக் கணிதமே சரிவராதம்மா" என்று அழுதாள் என எழுதியிருந்தாய். போன சனிக்கிழமை அவள் இங்கே வந்து தங்கினாள். இரவு நெடுநேரம் கதைத்தோம். அதைப் போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் உன் பயத்தை விடு. பிள்ளைக்குக் கணிதம் நன்றாக வருகிறது. தொகையிடலில் அவளுடைய வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோசமாக இருந்தது. உயர்தரத்தில் அவளைப் போன்றவர்கள் நிகழ்தகவைப் படித்த விதம் வேறு. இணைந்த கணிதம் இரண்டாம் வினாத்தாளில் அது ஒரு ஓரமாக வரும். நிலையியலும் இயக்கவியலும் நேரத்தை விழுங்கிவிட, நிகழ்தகவுக்கு வந்து சேரும்போது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் மூச்சு முட்டியிருக்கும். மரவரிப்படம் கீறு, கிளை வழியே பெருக்கு, முடிவில் கூட்டு. அந்தக் கைப்பழக்கத்தோடு கெம்பஸுக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே முதல் மாதத்திலேயே தரை நழுவுகிறது. கணக்கில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்னால், கணக்கு எதைப் பற்றியது என்று கேட்கிற பாடம் அது.

அவளுடைய கொப்பியில் ஒரு கணக்கு சிவப்பு மையால் வெட்டுப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்ட்ரண்ட் 1889இல் வெளியிட்ட கணக்கு. மூன்று பெட்டி. ஒன்றில் இரண்டு தங்கக் காசு, ஒன்றில் இரண்டு வெள்ளிக் காசு, மற்றதில் தங்கம் ஒன்று வெள்ளி ஒன்று. பார்க்காமல் ஒரு பெட்டியைத் தெரிவு செய்து, அதிலிருந்து பார்க்காமல் ஒரு காசை எடுக்கிறாய். தங்கம் வருகிறது. அதே பெட்டியில் மிஞ்சியிருப்பதும் தங்கமாக இருக்க நிகழ்தகவு என்ன? வெள்ளிப் பெட்டி கழிந்துவிட்டது, மிச்சம் இரண்டு பெட்டி, ஆகவே அரை என்று எழுதியிருந்தாள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதினார்களாம். விடை மூன்றில் இரண்டு.

நான் விளக்கப் போகவில்லை. ஆறு கடதாசித் துண்டு வெட்டி, காசு என்று சொல்லி மேசையில் சோடி சோடியாக வைத்தோம். தங்கக் காசு மூன்றுக்கும் 1, 2, 3 என்று பெயர் வைக்கச் சொன்னேன். "உன் கையில் இருப்பது எந்தக் காசு?" மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், மூன்றுக்கும் சம வாய்ப்பு. 1 என்றால் துணை 2. 2 என்றால் துணை 1. 3 என்றால் துணை வெள்ளி. அவள் விடவில்லை. "பெட்டி இரண்டுதானே அன்ரி மிச்சம்!" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெட்டி இரண்டுதான். ஆனால் தங்கம் வந்ததைப் பார்த்த பிறகு இரண்டும் சம வாய்ப்புள்ளவையாக இல்லை. இரட்டைத் தங்கப் பெட்டி எப்போது கையை விட்டு எடுத்தாலும் தங்கத்தையே தரும், கலப்புப் பெட்டி பாதித் தடவைதான் தரும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளாகவே கடதாசித் துண்டுகளைக் கலைத்து, என் இளையவனைக் கூப்பிட்டு அவனை எடுக்க வைத்து, விடை வருவதைக் கணக்கெடுத்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை!

அதைப் பார்த்தபோது எங்கள் விடுதிக் காலம்தான் நினைவுக்கு வந்தது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், நாங்கள் மூன்று மொழியில் தலையாட்டிவிட்டு வருவோம். இரவில்தான் பாடம் தொடங்கும். சோதனை நெருங்க நெருங்க ஒருத்தி குப்பி எடுக்க, அதாவது தனக்கு விளங்கியதைத் தோழிகளுக்குப் படிப்பிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேள்வி கேட்டு மறிப்போம். மின்சாரம் நின்றாலும் குப்பி நிற்காது. நீ ஒரு வரியையும் சும்மா கடந்து போக விடமாட்டாய். "ஏன் இங்கே பெருக்கிறாய்? கூட்டினால் என்ன?" உனக்குப் பதில் சொல்லப் போய்த்தான் நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்தது தெரிந்த பிறகு மற்றது நடக்க உள்ள வாய்ப்பு, எனக்கு விளங்கியது. இதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போதும் குப்பி நடக்கிறது. ஆனால் பழைய வினாத்தாள்களின் விடையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவதோடு பல இடங்களில் அது முடிந்துபோகிறது என்று உன் மகள் சொன்னாள். எனக்கு அது உண்மையாகவே கவலை. மற்றப் பாடங்களில் விடையைப் பார்த்துப் படித்தாலும் ஓரளவு ஒட்டும். நிகழ்தகவில் பிழையான வழியும் சரியான வழியைப் போலவே அழகாகத் தோன்றும். எதிரே இருந்து ஒருவர் மறிக்காவிட்டால் எங்கே தடம் மாறினோம் என்று தெரியாது. இந்தப் பாடத்தைத் தனியாக இருந்து படிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாடம் பிறந்த விதமே அப்படித்தான். 1654இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில்தானே இதன் பெரும்பகுதி தொடங்கியது. முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே பணயம் முழுவதும் என்று இருவர் விளையாடுகிறார்கள். ஆளுக்கு 32 பிஸ்டோல் காசு வைத்திருக்கிறார்கள். ஒருவர் 2, மற்றவர் 1 வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. 64 காசையும் எப்படிப் பிரிப்பது? 48, 16 என்று பாஸ்கல் சொன்னார். ஃபெர்மாவின் வழியில், இன்னும் இரண்டு ஆட்டம் நடந்ததாக வைத்து நான்கு விதமான முடிவையும் எழுதினால், மூன்று முதலாமவருக்கு, ஒன்று மற்றவருக்கு. உன் மகள் உடனே கேட்டாள்: "அடுத்த ஆட்டத்தை முதலாமவர் வென்றால் அதோடு முடிந்துவிடுமே, நடக்காத இரண்டாவது ஆட்டத்தை ஏன் எண்ணுகிறோம்?" ரோபர்வால் என்ற கணிதவியலாளரும் அந்தக் காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டார், பாஸ்கலே அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்று சொன்னதும் அவளுடைய முகம் மலர்ந்தது. மூன்று பேர் விளையாடும் ஆட்டத்துக்கு வந்தபோது பாஸ்கலும் தடுமாறினார், ஃபெர்மா எழுதித் தெளிவாக்கினார். நூறு வருடம் கழித்து 1754இல் தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர், இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு மூன்றில் இரண்டு என்று கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார். நான்கில் மூன்று என்று எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அவர்களுக்கே அப்படியென்றால் ஒரு சோதனைப் புள்ளிக்கு இந்தப் பிள்ளை அழலாமா?

அவளுடைய வகுப்பில் எல்லாரும் மாட்டுப்படுகிற இன்னோர் இடம், ஒன்றாக நடக்க முடியாத, தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகளையும், ஒன்று மற்றதன் வாய்ப்பை மாற்றாத சாரா நிகழ்ச்சிகளையும் ஒன்றென்று நினைப்பது. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்றால், ஒன்று நடந்தது என்ற செய்தியே மற்றது நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறதே. அவை எப்படிச் சாராதவை ஆகும்? இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பிறகு மறக்காது. நிகழ்தகவு அடர்த்தி, அதாவது தொடர்ச்சியாக மாறும் மாறியின் நிகழ்தகவு வரைபின் உயரம், 1ஐத் தாண்டலாமா என்றும் கேட்டாள். தாண்டலாம். 0 தொடக்கம் அரை வரை சீராகப் பரவிய மாறிக்கு அடர்த்தி 2. வரைபின் கீழுள்ள பரப்புத்தான் 1 ஆக இருக்க வேண்டும்.

இரட்டைத் தொகையீடு என்றால் அவளுக்குப் பயம். அதற்கு உன்னையும் என்னையும் கணக்குக்குள் கொண்டுவந்தேன். மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் நாம் இருவரும் தனித்தனியாகச் செங்கலடிச் சந்திக்கு வருகிறோம். முதலில் வருபவர் கால் மணித்தியாலம் காத்து நின்றுவிட்டுப் போய்விடுவார். சந்திப்போமா? ஒரு பக்கத்தில் உன் நேரம், மறுபக்கத்தில் என் நேரம் என்று சதுரம் கீறி, மூலைவிட்டத்தை ஒட்டிய பட்டையை நிழற்றச் சொன்னேன். வெளியே மிஞ்சுவது இரண்டு முக்கோணம், சேர்த்தால் பதினாறில் ஒன்பது. சந்திக்க வாய்ப்பு பதினாறில் ஏழு. தொகையிடாமலே விடை வந்துவிட்டது. "படத்தைக் கீறாமல் எல்லைகளை எழுதாதே" என்று மட்டும் சொன்னேன்.

விளைவைக் கண்ட பிறகு காரணத்தின் வாய்ப்பைக் கணிக்கிற பேயிஸ் தேற்றத்துக்கு டெங்குப் பரிசோதனையை எடுத்தோம். உதாரணத்துக்குக் காய்ச்சல்காரர் 1000 பேர், அவர்களில் டெங்கு உள்ளவர் 20. பரிசோதனை அந்த 20இல் 18 பேரைப் பிடிக்கும். ஆனால் டெங்கு இல்லாத 980 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரை, அதாவது 49 பேரை, வீணாக உண்டு என்று காட்டும். உண்டு என்று வந்த 67 பேரில் 18 பேருக்குத்தான் நோய், ஏறக்குறைய நூற்றுக்கு 27. சூத்திரத்தில் பிரதியிட்டும் இதே விடைதான். ஆட்களை எண்ணினால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு வெள்ளத்தை விட நல்ல பாடம் இல்லை. 2011 ஜனவரி வெள்ளம் எங்கள் பகுதியை எப்படி மூடியது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு, "இப்படி வெள்ளம் நூறு வருடத்துக்கு ஒருக்காத்தான் வரும், இனி எங்கள் காலத்தில் வராது" என்று சொல்லும் ஆட்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நூறு வருட வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்தது இந்த வருடத்துக்குத் தெரியாது. 30 வருடக் கடனில் படுவான்கரையில் ஒருவர் வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அந்த அளவு வெள்ளத்தைக் காண நிகழ்தகவு, ஒன்றிலிருந்து 0.99இன் முப்பதாம் அடுக்கைக் கழித்தது. சுமார் 26 சதவீதம். நூறு வருடத்துக்கு எடுத்தால் 63 சதவீதம். வருடங்கள் ஒன்றையொன்று சாராதவை, காலநிலை மாறவில்லை என்ற இரண்டு எடுகோளின் மேல் நிற்கிற கணக்கு இது. இரண்டாவது எடுகோளை இப்போது யாரும் நம்பிக்கையோடு சொல்ல மாட்டார்கள். நான் இதை வகுப்பில் செய்தபோது, சின்ன வயதில் வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்கும் கணக்கைக் காட்டியிருக்கிறாள். அத்திவாரத்தை இன்னும் உயர்த்திக் கட்டலாமா என்று அவர் வந்து என்னிடம் கேட்டார். படிப்பித்ததற்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது, ஆனால் அது சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (புள்ளிகள் பரவியிருக்கிற அளவு) தள்ளி நிற்கிறோம் என்ற கணக்கு என்பதைச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனதே. எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி அது. மூன்று பெட்டிக் கணக்கில் உன் மகள் முட்டிய அதே கேள்வி.

இனி நடக்கப் போவது. அடுத்த முறை அவள் தன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். விடை தெரியாத கணக்குகளை மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கரும்பலகையில் செய்ய, மற்ற இருவரும் மறிக்க வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான். கணினியில் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளால் பத்தாயிரம் தடவை செய்து பார்க்கவும் அவளுக்குத் தெரிகிறது. நல்ல விசயம். வாதாடி ஒரு முடிவுக்கு வந்த பிறகு அதைச் சரிபார்க்க ஓட்டட்டும் என்பது என் விருப்பம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவில் போன் எடுக்கும்போது புள்ளியைப் பற்றிக் கேட்காதே. இன்றைக்கு எந்தக் கணக்கு என்று கேள், அவள் சொல்லச் சொல்ல முன்பு என்னை மறித்தது போல மறி. உனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தால் இன்னும் நல்லது, அவள் ஆரம்பத்திலிருந்து விளங்கப்படுத்த வேண்டி வரும்.

நம் பழைய நிகழ்தகவுக் கொப்பி உன் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுத்து வை. விடுமுறைக்கு அவள் வரும்போது அதையும், கொஞ்சம் வவுனியா உழுந்தையும் கொடுத்துவிடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல். கண்ணுக்கு மருந்து விடுகிற நாட்கள் முடியும் வரை அடுப்படிப் புகைக்குக் கிட்டப் போக விடாதே.

அன்புடன்,
உன் விடுதித் தோழி