வாசல் செடிகளும் அருங்காட்சியகத்துக்குள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன அருங்காட்சியகங்கள் அக்கம்பக்கத்து மக்களைக் கூட்டி, உள்ளூர்ச் செடிகளை வரையவும் அச்செடுக்கவும் வைப்பது நல்ல காரியம். தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இதில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் வெளியிலிருந்து ஓவியரை அழைத்து, மதில் முழுக்கப் பூ வரைந்துவிட்டு, அதையே மக்கள் கலை என்று சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு மதிலைப் பார்த்திருக்கிறேன். மேலே ஆளுயரத்துக்கு ரோஜாவும் சூரியகாந்தியும். அடியில் சுவர் விரிசலில் மூக்கிரட்டை படர்ந்து பூத்திருந்தது. அதைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை.

செடி மனதில் பதிய வேண்டுமென்றால், பார்ப்பவரின் கையும் வேலை செய்ய வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு தினமும் மிதித்துக்கொண்டு போகிற செடிதான். வரைய உட்கார்ந்தால்தான் ஒற்றைப் பூ என்று நினைத்தது ஒற்றைப் பூ இல்லை என்று தெரியும். நடுவில் மஞ்சளாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து இருக்கும். சுற்றியுள்ள வெளிர் இதழ்களின் நுனி மூன்று பல்லாகப் பிரிந்திருக்கும். நான் கரும்பலகையில் எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் நிற்காத அந்த மூன்று பல், பிள்ளைகள் தாங்களே பென்சிலால் போட்டதும் நின்றுவிடும். இந்தச் செடி மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. அதையும் படத்தின் கீழே எழுதலாம், ஒதுக்க வேண்டியதில்லை.

சரி, வரைய வராது என்பவர்களுக்கு? நீல அச்சு இருக்கிறது. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிவியலாளர் 1842-இல் கண்டுபிடித்த முறை. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் தடவி, வெளிச்சம் படாமல் உலர்த்தி, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் கொஞ்ச நேரம் காட்டித் தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் கருநீலமாகிவிடும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்து, அறிவியல் பெயரோடு நூலாக வெளியிடத் தொடங்கினார். அழகுக்காக மட்டும் செய்யவில்லை. அவ்வளவு நுண்ணிய பாசிகளைத் துல்லியமாக வரைவது கடினம் என்பதால்தான் இந்த முறைக்கு வந்தார்.

நம் அருங்காட்சியகங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் செடி நின்ற இடம், தேதி, பூத்திருந்ததா காய்த்திருந்ததா என்ற விவரம், வீட்டில் அதை எந்தப் பெயரால் சொல்கிறார்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். அறிவியல் பெயரைத் தெரிந்த ஒருவர் சரிபார்த்துச் சேர்க்கட்டும். அப்போது அந்தப் படம் ஆவணமாகவும் ஆகிவிடும். பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் அந்தச் செடி இருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். அப்புறம், அச்சுக்கு ஒரு கிளை போதும், வேரோடு பிடுங்க விடாதீர்கள். அரிதான செடி என்றால் நிற்கிற இடத்திலேயே வரையட்டும்.

கண்காட்சி முடிந்ததும் இந்தத் தாள்களைக் கழற்றி மூலையில் போட்டுவிட வேண்டாம். தேதிவாரியாக அடுக்க ஓர் அலமாரி ஒதுக்கி, வந்து கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை