பெட்டி மேல் அளவைப் போடுங்கள்: கிட்டார் பிக்கப் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிட்டார் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தச் சுருள், அதை இறக்குமதி செய்கிறவர்களுக்கும், வாங்கி இணையத்தில் விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

"சீல் உடைக்கப்பட்டுள்ளதால் பொருளைத் திரும்பப் பெற இயலாது. புரிதலுக்கு நன்றி." உங்களில் ஒருவரிடமிருந்து போன வாரம் வந்த பதில் இது. பெயரைப் போடப் போவதில்லை. அனுப்பியவருக்குத் தெரியும், அனுப்பாத மற்றவர்களும் இதே வாசகத்தைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். புரிதல் மட்டும்தான் இன்னும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு தம்பி, சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்தில், இருந்த ஹம்பக்கர் (இரைச்சலை அடக்க இரண்டு காயில் வைத்த பிக்கப்) சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே கீச்சென்று கத்தும். மலிவான பிக்கப்பில் காயிலை மெழுகில் முக்கி எடுக்காமல் விட்டால் சுற்றுகள் உள்ளே அதிர்ந்து மைக் மாதிரி ஆகிவிடும், அந்தக் கதைதான். மாற்றிவிடலாம் என்று உங்கள் இணையப் பக்கத்தில் தேடினான். "ஹை அவுட்புட்", "வெண்ணெய் போன்ற டோன்", "நெக், பிரிட்ஜ் இரண்டுக்கும் ஏற்றது", "எல்லா கிட்டாருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தீர்கள். பையன் விவரமானவன், காசு கட்டுவதற்கு முன்னால் கேள்விப் பெட்டியில் கேட்டான்: போல் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? உங்கள் பதில்: "ஸ்டாண்டர்ட் சைஸ் சார்."

எந்த ஸ்டாண்டர்ட்? ஹம்பக்கரில் முதல் கம்பிக்குக் கீழே இருக்கும் திருகுக்கும் ஆறாவது கம்பிக்குக் கீழே இருக்கும் திருகுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் போல் இடைவெளி, அது கிப்சன் வகைக் கிட்டாருக்குச் சுமார் 49 மி.மீ., ஃபெண்டர் வகைப் பாலத்துக்குச் சுமார் 52 மி.மீ. இதற்காகவே பிக்கப் தயாரிக்கும் டிமார்சியோ 'எஃப் ஸ்பேஸ்டு' என்றும் சீமோர் டங்கன் 'டிரெம்பக்கர்' என்றும் தனியாக விற்கிறார்கள். அதாவது தயாரிக்கிறவனுக்கு இரண்டு அளவு இருப்பது தெரியும். விற்கிற உங்களுக்கு மட்டும் ஒன்றுதான்.

பெட்டி வந்தது. ஏற்காட்டுக்குக் கூரியர் ஏறவில்லை. சேலம் கிளையிலேயே போட்டுவிட்டு 'வாடிக்கையாளர் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று குறுஞ்செய்தி. இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் செய்தது இவ்வளவுதான்: ஒட்டியிருந்த கண்ணாடி டேப்பைக் கத்தியால் கீறினோம், பிக்கப்பை வெளியே எடுத்து ஸ்கேல் வைத்தோம், மல்டிமீட்டர் வைத்தோம். போல் இடைவெளி 49 மி.மீ., ரெசிஸ்டன்ஸ் (காயிலின் மின்தடை) 7.6 கிலோ ஓம். அவன் கிட்டாரில் அந்த இடத்தில் கம்பிகள் 52 மி.மீ. அகலத்துக்கு விரிந்து போகின்றன. ஈயம் ஒரு பொட்டு படவில்லை. ஒயர் முனைகளில் ஃபேக்டரியில் தடவிய ஈயம் அப்படியே பளபளவென்று இருந்தது, ஒரு முனையைக்கூட நாங்கள் வளைக்கவில்லை. இருந்தது இருந்தபடி உள்ளே வைத்து, மூடி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டோவோடு எழுதினோம். வந்ததுதான் மேலே சொன்ன பதில்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அளவு உங்கள் பக்கத்தில் இல்லை, கேட்டால் சொல்வதில்லை, பெட்டி மேல் அச்சடிக்கவில்லை. அளவு தெரிய வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும், திறந்தால் பொருள் எங்கள் தலையில். மூடியபடியே அளக்கிற வித்தை யாரிடமாவது இருந்தால் அதையும் நீங்களே விற்கலாம், நாங்கள் வாங்கத் தயார்.

மூன்று மில்லிமீட்டர்தானே, இரண்டு ஓரத்திலும் ஒன்றரை ஒன்றரைதானே தள்ளுகிறது, காதுக்குத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஹம்பக்கருக்கு அது ஓரளவு உண்மைதான், அதற்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த 7.6-தான் என்னை எழுத வைத்தது. பாலத்துக்குப் பக்கத்தில் கம்பி குறைவாகத்தான் ஆடும், அதனால் பிரிட்ஜ் பிக்கப்பைக் கூடுதல் சுற்றுப் போட்டுச் சூடாகக் கட்டுவார்கள், கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப்பைத் தணிவாகக் கட்டுவார்கள். சுற்று கூடினால் ஓமும் கூடும். ஹை அவுட்புட் என்று விற்கிற கணக்கில் பார்த்தால் வந்த பெட்டியில் இருந்தது நெக்குக்குப் போக வேண்டிய சாமான் மாதிரிதான். அதைப் பிரிட்ஜில் மாட்டினால் ஒல்லியாக, நோஞ்சானாகக் கேட்கவே வாய்ப்பு அதிகம். இதற்குப் பெயர் ஹை அவுட்புட்டா? பக்கத்தில் இரண்டே இரண்டு எண் போட்டிருந்தால் அந்தப் பையன் அந்தப் பொத்தானை அழுத்தியே இருக்க மாட்டான்.

ரெசிஸ்டன்ஸை வைத்து மட்டும் அவுட்புட்டைச் சொல்லிவிட முடியாது என்று உங்களில் விவரம் தெரிந்தவர்கள் ஆரம்பிப்பீர்கள். சரிதான். காயிலில் 42 கேஜ் செம்புக் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜ் போட்டால் அதே சுற்றுக்கு ஓம் ஏறும், சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. காந்தமும் பார்க்க வேண்டும், அல்னிகோ 2 ஒரு மாதிரி, அல்னிகோ 5 ஒரு மாதிரி, செராமிக் வேறு மாதிரி. ஆகவே கம்பி கேஜையும் காந்தத்தையும் சேர்த்துப் போடுங்கள் என்றுதான் இதற்கு அர்த்தமே தவிர, எதையுமே போடாமல் வெண்ணெய் என்று எழுதுங்கள் என்று அர்த்தமில்லை.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை உண்டு. விசைத்தறி மோட்டாரும் கிணற்று மோட்டாரும் எரிந்தபடியே இருக்கும் ஊர், தொழிலுக்குக் குறைவில்லை. அங்கே ஒரு மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால் பழைய காயிலை வெட்டி எடுத்து, எந்த கேஜ், ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, அழுக்கு நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கேட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். அவர் சுற்றுவதும் செம்புக் கம்பி, நீங்கள் விற்பதும் செம்புக் கம்பி. 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, அது 1959-ல் கிடைத்த பிறகும் சில வருடம்வரை 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று அடியில் சீட்டு ஒட்டி விற்றார்கள் அல்லவா, அந்தக் காலத்துப் பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்ததற்குச் சுற்று சரியாக எண்ணப்படாததும் ஒரு காரணம். அதைச் சாக்காகச் சொல்ல உங்களுக்கு வழியில்லை, இன்றைக்குச் சுற்றுகிற மெஷினே எண்ணிவிடுகிறது. எண் இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒயர் நிறம். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொருள் சரியாக வந்தாலும் பலர் விழுவது இந்தக் குழியில்தான். நான்கு ஒயர் ஹம்பக்கரில் சீமோர் டங்கனுக்குக் கறுப்பு ஹாட் (சத்தத்தை எடுத்துப் போகும் ஒயர்), சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்க வேண்டும், பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். டிமார்சியோவுக்குச் சிவப்பு ஹாட், கறுப்பையும் வெள்ளையையும் முறுக்க வேண்டும், பச்சை எர்த். அதே நான்கு நிறம், வேறு வேலை. அந்த இரண்டு கம்பெனியும் இதைத் தெளிவாக வெளியிட்டிருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கொண்டுவரும் பெயர் தெரியாத பெட்டிகளில் சீட்டே கிடையாது, கேட்டால் "நல்ல டெக்னீஷியனை அணுகவும்". நாங்கள் அணுகும் டெக்னீஷியன் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் பெரியவர். "ஏன் தம்பி, இதுல எது எர்த்துன்னு ஒரு சீட்டு கூடவா போட மாட்டானுங்க?" என்பார். கடைசியில் பழைய ஊசி மீட்டரை எடுத்து, எந்த இரண்டு ஒயர் ஒரே காயில் என்று பார்த்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்பின் திருகுகள் மேல் வைத்துச் சட்டென்று எடுத்து, ஊசி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்து ஃபேஸ், அதாவது எந்த முனை பிளஸ் எந்த முனை மைனஸ் என்று, கண்டுபிடிப்பார். அவருக்குக் கூலி கொடுக்கிறோம். நியாயமாக அந்தக் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டும்.

டெமோ வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசி ஸ்டுடியோவில், லட்ச ரூபாய் ஆம்ப்பில், எக்கோ எல்லாம் சேர்த்து வாசித்துக் காட்டுகிறீர்கள். நாங்கள் வாசிப்பது ஆடிப் பண்டிகையில், கோட்டை மாரியம்மன் கோவில் தொடங்கி ஊரெல்லாம் திருவிழா, ஒரு பக்கம் ஜெனரேட்டர், மேலே சீரியல் செட், பின்னால் டியூப் லைட், ஒரே காயில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பாக இருந்தால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பாடகருக்கு முன்னால் பாட ஆரம்பித்துவிடும். ஆர்கெஸ்ட்ராக்காரன் ஹம்பக்கர் தேடுவது வெண்ணெய்க்காக அல்ல, அந்த இரைச்சல் அடங்கினால் போதும் என்றுதான். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? மெட்டல் வாசிக்கிறீர்களா ப்ளூஸா என்று கேட்டு ஒரு பிக்கப்பைத் தள்ளிவிடுகிறீர்கள். 'அம்மன் பாட்டு' என்று ஒரு கட்டம் உங்கள் ஃபில்டரில் இருக்கிறதா?

சரி, விட்டது தொட்டது எல்லாம் பேசிவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது, சீலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சில நேரம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, எண்ணைப் போட்டால்தானே மாறிவிட்டது என்று ஒருவன் சண்டைக்கு வர முடியும், வெண்ணெய் இல்லை என்று யார் போய் வழக்குப் போடுவது, அதனால்தான் போடாமல் இருக்கிறீர்களோ என்று. தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள், அளவைப் போட்டு நான் நினைத்தது தப்பு என்று காட்டிவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களிடம்தான் நாளைக்கும் வாங்கப் போகிறோம், அதனால் முதலில் உங்களிடமே கேட்கிறோம்.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் இணையப் பக்கத்திலும் பெட்டி மேலும் அளவைப் போடுங்கள்: போல் இடைவெளி, ரெசிஸ்டன்ஸ், கம்பி கேஜ், காந்தம், நெக்கா பிரிட்ஜா, மெழுகு போட்டதா இல்லையா, பிக்கப்பின் கால் கிட்டார் உடம்புக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும். ஒயர் நிறச் சீட்டு ஒன்றை உள்ளே வையுங்கள், துண்டுக் காகிதமாக இருந்தாலும் பரவாயில்லை. வால்யூம் திருகுக்கு 250கே பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) வேண்டுமா 500கே பாட் வேண்டுமா என்றும் ஒரு வரி போட்டால் புண்ணியமாகப் போகும். ஈயம் படாத, ஒயர் வெட்டாத பிக்கப்பை, டேப் கிழிந்திருந்தாலும், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு மேலே இருக்கிறவனிடம் 'உங்கள் பின்கோடுக்கு ரிவர்ஸ் பிக்கப் வசதி இல்லை' என்று சொல்லாதீர்கள், பிக்கப் வாங்கினவனிடம் சொல்கிற வார்த்தையா அது.

ஏற்காட்டுத் தம்பிக்கு வேண்டியது பிரிட்ஜ் ஹம்பக்கர், 52 மி.மீ., மெழுகு போட்டது. மாற்றிக் கொடுத்தாலும் சரி, பணத்தைத் திருப்பினாலும் சரி. ஆர்டர் விவரம் உங்கள் மெயிலில் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் எனக்கும் அவனுக்கும் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்க நேரம் இருக்காது, அதற்குள் பதில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
சேலம், குகைப் பகுதியிலிருந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா கிட்டார்க்காரன்