எட்டுக்கால் பூச்சி மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிலந்திக்கடி கட்டுரை, 'சிலந்தி விஷம் சதையை அரித்துவிடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறது. டெல்டாப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சதையை அழுகவைப்பது லாக்சோசெலிஸ் வகைச் சிலந்தி. அதன் விஷத்திலுள்ள ஸ்பிங்கோமைலினேஸ்-டி என்ற நொதி, செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும். கருப்பு விதவைச் சிலந்தியின் ஆல்பா-லேட்ரோடாக்சினுக்கோ நரம்பு முனைதான் குறி. வியர்த்து ஊற்றும், வயிறு பலகையாய் இறுகும். குடல்வால் கோளாறோ என்று மருத்துவரே மயங்குவார். இரண்டும் வேறு வேறு விஷம். அந்த லாக்சோசெலிஸ்கூடக் கண்டபடி கடிப்பதில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நால்வர் குடியிருந்த ஒரு வீட்டில், ஆறே மாதத்தில் 2,055 பிடித்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் கடி இல்லை!

எங்கள் ஊரில் "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு சார்" என்று வருவார்கள். "பாத்தீங்களா?" என்றால், "இல்ல சார், தூக்கத்துல" என்பார்கள். தோலில் கோடு இழுத்தாற்போலக் கொப்புளம் இருக்கும். அது பெரும்பாலும் பேடரஸ் வண்டின் கைவரிசை. வயலிலிருந்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும், எறும்பு போல நீண்ட, சிவப்பும் கருப்புமான பூச்சி. அது கடிக்காது. நாம் நசுக்கினால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலைப் பொசுக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் எதிர்ப்பக்கமும் அச்சு விழும். மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளிவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுவதே நல்லது.

அக்கி வந்தவர்களும் சிலந்தியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஆற்றாமை அங்கேதான். அக்கி என்பது சின்னம்மைக் கிருமி மறுபடி தலைதூக்குவது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரி மருந்தைத் தொடங்குவதுதான் நல்ல பலன் தரும். 'பூச்சிக்கடி, தானே ஆறிடும்' என்று காவி பூசிக்கொண்டு ஐந்தாம் நாள் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புண் ஆறிய பிறகும் எரிச்சல் மாதக்கணக்கில் வாட்டும், அதுவும் வயதானவர்களை.

சிலந்திக்கு நான் வக்கீல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரவாழ் டரன்டுலா என்ற பெரிய சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் இழுக்கும். ஆனால் கட்டுரையில் நீங்கள் போட்ட படம், வலையில் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆர்ஜியோப்பி சிலந்தி. அது பாட்டுக்கு ஈ பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த இதழில் அந்த இடத்தில் பேடரஸ் வண்டின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருவாரூர் மாவட்டம்