பொக்கணைகளை நிரவ முன்னர் படத்தில் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் பள்ளக் காணி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, நிரவி, வீடு கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் அயலில் ஒரு பொக்கணைக்குள், அதாவது சுண்ணக்கல் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளத்துக்குள், உடைத்த சீமெந்துக் கல், பிளாஸ்டிக், பிள்ளைகளின் பம்பர்ஸ் எல்லாம் கொட்டி மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். பக்கத்துக் காணியில் குடிதண்ணீர்க் கிணறு.

உயர்தர வகுப்பில் சுண்ணக்கல் நிலம் படிப்பிக்கும்போது, அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் 1922ஆம் ஆண்டு இடவிளக்கப் படம் ஒன்றைத்தான் காட்டுவேன். கென்டக்கி மாநிலத்து மமத் குகைப் பகுதி. வயலும் சிறு வீடுகளுமான நாட்டுப்புறம். 20 அடி உயரத்துக்கு ஒரு சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரமான இடங்களை இணைக்கும் கோடு. கிளாஸ்கோ ஜங்ஷன் என்ற ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மூடிய வட்டங்கள், உட்பக்கம் தையல் போட்டதுபோலச் சிறு கோடுகள். ஒவ்வொன்றும் உள்வாங்கிய பள்ளம். தெற்கிலிருந்து வரும் ஓடையின் நீலக்கோடு ஒரு வட்டத்துக்குள் போய் அப்படியே முடிந்துவிடும். "தண்ணி எங்க சேர் போகுது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலத்துக்குக் கீழால் போய், வடக்கே கிறீன் ஆற்றோரம் ஊற்றாக வெளிவருகிறது.

அந்தப் படத்துக்குச் சற்றுக் கிழக்கே ஹோர்ஸ் கேவ் என்ற ஊர். அங்கே கழிவைப் பள்ளங்களுக்குள் விட்டார்கள். ஊருக்குக் கீழே ஆறு ஓடும் குகை நாற்றமெடுத்து 1943இல் மூடப்பட்டது. முறையான சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1989இல்தான்.

எங்கள் நிலமும் சுண்ணக்கல்தான். செம்மண்ணைத் தாண்டிய தண்ணீர் பாறை வெடிப்புகளால் நேரே இறங்கிவிடும்; வடிகட்ட ஒன்றுமில்லை. உவர்நீருக்கு மேல் மிதக்கும் அந்த நன்னீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். நவக்கிரி நிலவரைக் கிணற்றையும் ஊரெழுப் பொக்கணையையும் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் நிரவத் துணியார். பெயரில்லாத சின்னப் பள்ளங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அவற்றைக் குறிக்க 20 அடி இடைவெளி எங்களுக்குச் சரிவராது. குடாநாடு அவ்வளவு தட்டை; அரை மீற்றருக்கு ஒரு கோடாவது வேண்டும். நில அளவைத் திணைக்களமும் பிரதேச சபைகளும் சேர்ந்து அப்படியொரு படம் வரைந்து, கட்டிட அனுமதி கொடுக்க முன்னர் அதைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பொக்கணைகளைக் கூடவந்து காட்ட நான் தயார். மாரி மழை நேரம் வந்தால் நல்லது; தண்ணீர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
புத்தூர்.