இங்கிலீஷ் நோட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, மண்டலப் போட்டிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், மழையிலும் வந்து நின்ற உங்களுக்கு நன்றி. பள்ளி திறக்கும் தேதி டைரியில் இருக்கிறது.

சரி, ஆறாம், ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்த வாரத்தில், தலைமை, அதிகாரம் பற்றிய இங்கிலீஷ் மரபுத்தொடர்களை நடத்தினோம். கால் தி ஷாட்ஸ் (தான் சொல்வதுதான் நடக்கும் என்ற நிலையில் இருப்பது), ரூல் தி ரூஸ்ட் (வீட்டிலோ குழுவிலோ ஆட்சி செய்வது), பாஸ் தி பக் (பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளுவது) இப்படி. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னால், நோட்டுக்கு நோட்டு அதே வாக்கியங்கள், கமா கூட மாறவில்லை. சிலவற்றில் கையெழுத்தே பெரியவர்களுடையது. முதல் நாள் இரவு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட போட்டோவிலிருந்து வந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஒரு சிறுமியின் நோட்டில், போர்ட்ரூமில், அதாவது கம்பெனி இயக்குநர்கள் கூடும் அறையில், எல்லாம் தன் அப்பா வைத்ததுதான் சட்டம் என்ற பொருளில் அழகான இங்கிலீஷ் வாக்கியம். போர்ட்ரூம் என்றால் என்னம்மா என்று கேட்டேன். "பிளாக்போர்டு இருக்கிற ரூம் சார்" என்றாள். சரி, உங்கள் வீட்டில் யார் சொல்வதுதான் நடக்கும் என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை, "ஆயாதான் சார், ஞாயித்துக்கிழமை மீனா கறியான்னு அவங்கதான் சொல்வாங்க." அதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். இலக்கணம் தடுக்கியது, ஆனால் கால் தி ஷாட்ஸ் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த வாக்கியத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

மரபுத்தொடர் பட்டியலை மனப்பாடம் செய்தால் நிற்காது, கதையும் சூழலும் வேண்டும். கூச்சல் போடுகிறவர்களைக் கடுமையாக எச்சரிப்பதை ரீட் தி ரயட் ஆக்ட் என்பார்கள். 1715-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலாட்டா செய்தால் அதிகாரி அவர்கள் முன் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது, ஒரு மணி நேரத்தில் கலையாதவர்களுக்குக் கடும் தண்டனை இருந்தது. இங்கிலீஷ் மிஸ் இதைச் சொன்ன மறுநாளே, சத்தம் போட்ட கடைசி பெஞ்சைப் பார்த்து வகுப்புத் தலைவன் அதே தொடரைப் பயன்படுத்தினான். வாட்ஸ்அப் போட்டோ இதைச் செய்யாது.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி திறந்த பிறகு, பெற்றோர் கையெழுத்தில் வரும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். வகுப்பு குரூப்பில் விடைகளைப் போடக் கூடாது, தொடர்ந்தால் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுவோம். தப்பும் தவறுமாக எழுதி வந்ததற்காக எந்தப் பிள்ளையும் இங்கே திட்டு வாங்காது, அதற்கு நான் பொறுப்பு.

நீங்கள் இதைச் செய்வது எதனால் என்று தெரியும். நமக்கு வராத இங்கிலீஷ் பிள்ளைக்காவது வரட்டும் என்ற ஆசை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிடப் பின்தங்கிவிடுமோ என்ற பயம். நைட் ஷிப்ட் முடித்த கையோடு நோட்டைத் திறந்து உட்காருகிற அப்பாக்கள் இந்தப் பள்ளியில் உண்டு. அந்த அக்கறை அப்படியே இருக்கட்டும், பேனா மட்டும் பிள்ளை கையில் இருக்கட்டும். இங்கிலீஷ் தெரியாத பெற்றோரும் தாராளமாக உதவலாம். நம் வீட்டில் மதுரையா சிதம்பரமா, ஆபீஸில் யாருடைய குடுமி யார் கையில் என்று தமிழிலேயே பேசுங்கள், அதை இங்கிலீஷில் எழுதுவது அவர்கள் வேலை.

பள்ளி திறந்ததும் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு இங்கிலீஷ் ஆசிரியர்கள் நூலகத்தில் இருப்பார்கள். சந்தேகம் உள்ளவர்கள் வாருங்கள், நானும் இருப்பேன். இவ்வளவு நாள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்